கையிருப்பு

தேவகோட்டை, ராத்திரி பதினொன்றரை.
நகைக்கடன் ஆபீஸ் சர்வர் உறைந்துவிட்டது.
விசை தட்டினால் பதிலில்லை,
விளக்கு மட்டும் எரிகிறது.

இருப்பு முப்பத்திரண்டு ஜிபி மெமரி.
கணக்குக்குப் பதினாறு, கேமராவுக்குப் பன்னிரண்டு,
பழைய அடகுப் பதிவுக்கு எட்டு.
நான்தான் எழுதிக்கொடுத்தேன்.
எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கேட்டன,
வருஷக் கணக்கு முடிக்கிற ராத்திரி பார்த்து.

சாத்தப்பன் விரல்விட்டுக் கூட்டினார்.
முப்பத்தாறு.
“இருக்கிறதுக்கு மேலே எழுதிக்கொடுத்தா
அது வட்டிக்கடை இல்லை ஆத்தா,
சீட்டுக் கம்பெனி.”

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
அது சாகும்வரை.
திரும்ப எழுந்ததும்
பன்னிரண்டு, எட்டு, ஏழு.
மிச்சம் ஐந்து யாருக்கும் கிடையாது,
சுமக்கிற பெட்டியும் மூச்சுவிட வேண்டும்.

இப்போது கேமரா கொஞ்சம் திக்குகிறது.
திக்கட்டும்.