இரண்டு பெயருக்கு நடுவில்

காகித நம்பர் பிளேட் ஏழாம் நாளே வெளுக்கத் தொடங்கிவிட்டது.
பின் கண்ணாடியில், உள்பக்கமாகத்தான் ஒட்டினோம்.
அரிசோனா வெயில் கண்ணாடியை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.
விற்றவன் மார்க்கரில் எழுதிய கெடு தேதி
ஊதாவாகி, ரோஸாகி,
இங்கே ஏதோ எழுதியிருந்ததே என்ற சந்தேகமாகிவிட்டது.

பழைய டிரெய்லரின் தரை
யூமாவைத் தாண்டி ஓர் இரவு
வெண்டலின் வலது காலை முட்டிவரை விழுங்கியது.
அதனால்தான் இது.
இருபத்திரண்டு அடி. வினைல் வாடை போகவில்லை.
எதற்கென்று தெரியாத ஒரு சுவிட்ச்.
பணம் கொடுக்க அரை மணி நேரம் ஆனது.
எங்களுடையது என்று சொல்ல
ஏழு வாரம்.

வீடு மொன்டானாவில் அல்லவா.
லூயிஸ்டவுன் கவுன்டி அலுவலகத்தில்
ஆர்டிஸ் என்றொரு பெண் போனை எடுப்பாள்.
எடுத்ததும், வைத்துவிடாதீர்கள் என்பாள்.
ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தாள்:
தொழிற்சாலைச் சான்றிதழ், நகல் ஆகாது.
காசோலை, கார்டு ஆகாது.
சேஸிஸ் எண்ணை ஒரு போலீஸ்காரர்
தன் கண்ணால் பார்த்ததாக எழுதித் தரவேண்டும்.

டெபுடி செகுரா வந்தார்.
கொக்கிக்கு அடியில் மல்லாந்து படுத்து
எச்சில் தொட்டுத் தூசியைத் துடைத்து
பதினேழு எழுத்தையும் உரக்க வாசித்தார்.
பக்கத்து வண்டி நாய்
ஒவ்வொன்றுக்கும் ஆஜர் சொன்னது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த செவ்வாய்க்கிழமை
ஆர்டிஸே கூப்பிட்டாள்.
"ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
இரண்டு பெயருக்கு நடுவில் என்ன போடட்டும்?
வெண்டலும் மேவிஸும் என்றா,
வெண்டல் அல்லது மேவிஸ் என்றா?"

என்ன வித்தியாசம் என்றேன்.

"உம் போட்டால், விற்கும்போது இரண்டு கையெழுத்தும் வேண்டும்.
அல்லது போட்டால்"
தொண்டையைச் செருமிக்கொண்டாள்
"ஒன்று போதும். பிற்பாடு சுலபம்.
உங்கள் வயதுக்காரர்கள் அதைத்தான் போடுகிறார்கள்."

வெண்டல் வெளியே தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கு நின்றார்.
நவம்பரில் ஃபீனிக்ஸில் நெஞ்சுக்குள் வைத்த பேட்டரி
சட்டையில் தீப்பெட்டி மாதிரித் துருத்தியது.
அதற்கும் ஒரு சீரியல் எண் உண்டு.
பதிவு அட்டை என் பர்ஸில்.

நாற்பத்தாறு வருடமாக நாங்கள் உம்.
வங்கியில் உம். வரிப் படிவத்தில் உம்.
மளிகைக்கடைக் கடன் நோட்டில்கூட.
அதற்கென்று யாரும் கட்டம் போட்டதில்லை.

"என்னவாம்?" என்றார்.
"நடுவில் என்ன போட என்கிறாள்."
"கமா போடச் சொல்."

ஆர்டிஸ் காத்திருந்தாள்.
அந்தப் பக்கம் யாரோ பூட்ஸைத் தட்டிப்
பனியை உதறினார்கள்.

அல்லது, என்றேன்.

குழாய்ச் சத்தம் நின்றது.
வெண்டல் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று இரவு பாத்திரங்களை அவரே கழுவினார்,
கழுவியதையே மறுபடியும்.

தபால் நிலைய வரிசையில் நாற்பது பேருக்குப் பின்னால் நின்று
பழுப்பு உறையை வாங்கினோம்.
தகடு எட்டில் தொடங்கியது, எங்கள் கவுன்டி எண்.
காலாவதித் தேதி கேட்ட இடத்தில்
நிரந்தரம் என்று அச்சாகியிருந்தது.
டிரெய்லருக்கு எங்கள் ஊரில் புதுப்பிப்பு கிடையாது.
வெண்டல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இன்னொரு தரம் வாசித்தார்.
"கொடுத்து வைத்த டிரெய்லர்."

தகட்டில் நான்கு துளை, சட்டத்தில் இரண்டு.
சஸ்காச்செவன்காரர் லைல் ட்ரில்லைக் கொடுத்துவிட்டு
ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் திருக வேண்டும் என்றார்,
எங்களுக்குத் தெரியாதது போல.

பிடித்தேன். திருகினார்.
மூன்றாவது திருகு மணலில் விழுந்தது.
வெளுத்த காகிதத்தைக் கிழிக்க மறந்து
இருவரும் மண்டியிட்டுத்
தேடிக்கொண்டிருக்கிறோம்.