நூற்றெட்டு சதுரடி

பத்திரம் தட்டச்சு செய்பவள் நான்.
சீர்காழி சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்குள் இரண்டாவது மேசை.
நான்கெல்லை சொல்லாமல்
எனக்கு எதுவும் தொடங்காது.

வடக்கே கிணற்றை மூடிய சிமெண்ட் பலகை,
தெற்கே கூடம்,
கிழக்கே பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் குழாய்,
மேற்கே குளியலறை.
இதற்குள்பட்ட நூற்றெட்டு சதுரடி என் அடுப்படி.
வில்லங்கம்: மேற்குச் சுவரில் ஒரு விரிசல்.
சித்திரையில் சுண்டுவிரல் போகும்.
ஐப்பசி மழைக்குத் தானே மூடிக்கொள்ளும்.

கும்பகோணத்துக் கம்பெனி.
வரைவதும் அவர்களே, கட்டுவதும் அவர்களே.
கொத்தனார் தச்சர்மேலும்
தச்சர் பிளம்பர்மேலும்
பழிபோட வழியில்லை என்றார் வீட்டுக்காரர்.
ஒப்பந்தம் ஒன்பது பக்கம்.
பதினோராவது ஷரத்தில்
நாற்பத்தைந்து நாளுக்கு முன்னால்
'உத்தேசமாக' என்றிருந்தது.
என் மேசையில் அந்தச் சொல்லை
அடித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்.
அன்றைக்கு அடிக்கவில்லை.
நிலோஃபரின் லேப்டாப்பில்
அடுப்படி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

அதில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை.
(எங்கள் தாலுகாவில் மலையா!)
மேடைமேல் கண்ணாடிக் கிண்ணம்,
கிண்ணத்தில் ஐந்து எலுமிச்சை.
முகமில்லாத ஒருத்தி
தலைமுடியை விரித்துவிட்டு நின்றிருந்தாள்,
எதையும் வதக்காமல்.
"இட்லிமாவுக் குண்டான் எங்கே?" என்றேன்.
நிலோஃபர் சிரிக்கவில்லை.
குண்டானை டேப் வைத்து அளந்தாள்.
உயரம். விட்டம்.
"பொங்கினா எவ்வளவு வரும்?"
அந்த மூன்றாவது அளவுக்காகத்தான்
முன்பணம் கொடுத்தேன்.

உத்தேசம் தொண்ணூற்றொரு நாளானது.
தையல் மெஷின்மேல் இண்டக்‌ஷன் அடுப்பு.
மிதிகட்டையில் கால் பட்டால்
ரசத்துக்குப் பக்கத்தில் ஊசி இறங்கி ஏறும்.
பாத்திரம் கழுவக் குளியலறை,
குளிக்க அதே குளியலறை,
தட்டுகளுக்கு நடுவே ஷாம்பு.
மணல் லாரி வரவில்லை.
வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது,
சித்தாள் இரண்டு பேரும் நடவுக்குப் போனார்கள்.
டைல்ஸ் ஒட்ட வந்த சந்தன்குமார் மட்டும்
சமஸ்திபூருக்கு வீடியோவில் என் சுவரைக் காட்டி
யாரிடமோ பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

விரிசலை அடைக்கப் பதினெட்டாயிரம் என்று
நிலோஃபர் போட்டிருந்தாள்.
சூப்பர்வைசர் அமிர்தகடேசன் கையைக் கட்டிக்கொண்டார்.
"களிமண்ணும்மா இது. வெயிலுக்குச் சுருங்கும்,
மழைக்கு உப்பும்.
இங்க அடைச்சா வேற எடத்துல வாயைத் தெறக்கும்."
அரைமணி நேரம் என் எதிரிலேயே.
ஒரே கம்பெனி என்பதால்
சண்டைக்கும் ஒரே ரசீது.
கடைசியில் அலமாரியைச் சுவரிலிருந்து
இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினார்கள்.
திருத்திய வரைபடத்தில் அந்த இடைவெளி
ஒரு சாம்பல் கோடு.
அதற்கும் அவள் அளவு எழுதியிருந்தாள்.
பதினெட்டாயிரம் கழிந்தது,
கீல் விலை ஏறிவிட்டதென்று
பன்னிரண்டாயிரம் திரும்பி வந்தது.

சுவாதீனம் ஒப்படைத்த எட்டாம் நாள்
படமெடுக்க வந்தார்கள்.
எண்ணெய்த் தூக்கு, கிரைண்டர்,
கேஸ்காரன் நம்பர் எழுதிய காலண்டர்,
அளந்து இடம் வைத்த அதே குண்டான்,
எல்லாம் குளியலறைக்குப் போயின.
கிண்ணம் அவர்களே கொண்டுவந்தார்கள்.
ஐந்து எலுமிச்சையும்.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்,
நிழல் விழுது."
தள்ளி நின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கிண்ணத்தை எடுத்துப் போய்விட்டார்கள்.
பழங்களை மறந்துவிட்டார்கள்.
நான்கை ஊறுகாய்க்கு நறுக்கினேன்.
ஐந்தாவதைப் பிழிந்துவிட்டு
மூடியால் புதுக் குழாயின் கழுத்தைத் தேய்த்தேன்.
எட்டே நாளில் போர்த் தண்ணீர்
அங்கே வெள்ளையாகக் கையெழுத்துப் போட்டிருந்தது.
வில்லங்கச் சான்றில் இது ஏறாது.
ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்க்க வேண்டும்.