கொழுப்பு போதாது

நேற்றிரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக்
கீழ்த்தட்டில் வைத்திருந்தாள் ஹர்ஷினி.
காலையில் செங்கல், மாலையில் சேறு:
நியூசிலாந்து, ஐந்நூறு கிராம்,
அரைத்த மானிறைச்சி.

"மாடுதானேம்மா கூடாது? இது மான்."
‘டு’வை எடுத்துவிட்டு ‘ன்’ வைத்தால்
சாமி மேடைக்கும் அடுப்புக்கும்
வழக்கு தீர்ந்துவிடுமாம்.
சற்குணவதி வாதாடவில்லை.
மேடையின் திரையை மட்டும் இழுத்துவிட்டாள்.

பிசைகிற வேலை எனக்கு.
ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த கை,
இதற்குப் பரவாயில்லை.
உப்பு, மிளகு, பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம்.
உருட்டினால் உருள்கிறது, தட்டினால் விரிகிறது,
கல்லில் போட்டுத் திருப்பினால்
ஓரத்தில் வெடித்து உதிர்கிறது.

"கொழுப்பு போதாது" என்றாள் சற்குணவதி.
இந்தப் பத்தொன்பது வருடத்தில்
அப்படி அவள் சொல்லிக் கேட்டதில்லை.
எனக்கும் மகளுக்கும்
அது கூடுதல் என்றே கேட்டுப் பழக்கம்.

பச்சை டின்னைத் திறந்து
இரண்டு கரண்டி நெய்யைப் பிசையலில் விட்டாள்.
டின்னின் மேல் ஒரு பசு,
கழுத்தில் மணியோடு.
மூவரும் பார்த்தோம்.
டின்னைத் திருப்பி வைத்தாள்.

போன மாதம் மண்டாய் சாலையில்
முதல் பேருந்து, விடியவில்லை.
விளக்கொளி போய்ச் சேர்ந்த இடத்தில்
ஒன்று நின்றது, கொம்போடு.
உயர்நிலை நான்கில் தேர்வுக்காக உருப்போட்ட
கலை, பிணை, இரலை, நவ்வி
அத்தனையும் வரிசையாய் வாய்க்கு வந்தன,
ஹாரனுக்கு மட்டும் கை போகவில்லை.
கடைசி இருக்கையில் ஒரே பயணி,
துடைப்பக்கட்டையை அணைத்தபடி தூக்கம்.
அது என்னைப் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.
நான்கு நிமிடத் தாமதம்.
காரணம் கேட்ட கட்டத்தில்
‘சாலைத் தடை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை.
இப்போது சொல்லலாமா என்று வாயெடுக்கையில்
"அப்பா, நடுவில் சிவப்பு இருக்கணும்,
ரொம்ப வெந்தா செருப்பு" என்கிறாள்.
"எங்க வீட்டில் கறி என்றால் கரிதான்"
என்கிறாள் இவள், தீயைக் கூட்டி.

நடைபாதைக்குப் போன வாடையைப் பிடித்துக்கொண்டு
எதிர்வீட்டுத் திருமதி கோ
இரும்புக் கதவருகே வந்து நின்றார்.
மானா? இஞ்சி எங்கே? வெங்காயத்தாள்?
காசு கொடுத்து வாங்கியதை இப்படியா வீணாக்குவது?
போனவர் ஒரு பிடி கொண்டுவந்தார்.

மூன்றாம் வட்டம் உதிரவில்லை.
வாட்டிய பன், தக்காளி,
மிளகாய் சாஸ் சற்றுத் தாராளமாய்.
கடித்தேன்.
முதலில் நெய், பிறகு இஞ்சி,
அதற்கும் அடியில் ஏதோ இரும்பு,
ஈரப் புல்லைத் தொட்டுவிட்டு வந்ததுபோல.

"என்ன யோசனை?" என்றாள்.
"சாலைத் தடை" என்றேன்.
"என்னது?"
"ஒன்றுமில்லை. நாளைக்கும் முதல் வண்டி.
இன்னொன்று வை."