இருபத்தெட்டு சீற்

பதினொரு வருசம்
முழங்காலில் நின்று சம்பளம் எடுத்தவள் நான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை,
நெஞ்சில் கவசம், முகத்துக்கு முன்னால் கண்ணாடி.
ஒரு நாள் முழுக்கச் சுரண்டினால்
இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலம்
பயமில்லாத நிலமாகும்.

போன வருசம் ஆவணியில் ஆட்களைக் குறைத்தார்கள்.
கடைசிக் காசையும் சமுர்த்திக் கடனையும்
கூரையில் போடுவதென்று முடிவெடுத்தேன்.

வீட்டுத்திட்டத்தில் வந்த வீடு,
விசுவமடுவில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.
சுவருக்குக் குறை சொல்லமாட்டேன்.
மேலேதான் அஸ்பெஸ்ரஸ்.
பங்குனி மாதம், கறண்ட் போனால் உதவுமென்று
யன்னலில் வைத்த மெழுகுதிரி
கொளுத்தாமலே குனிந்து நிற்கும்.
காற்றாடி இரண்டும் சூட்டை
மூலைக்கு மூலை மாற்றி வைக்கும்.
அந்த வேலைக்குப் பில் வேறு.

மகள் ஆரணிக்கு இரவில் முட்டு.
தருமபுரம் ஆசுப்பத்திரியில் டாக்குத்தர்
மருந்து எழுதிமுடித்துப் பேனையை மூடியபிறகு கேட்டார்:
"உங்கட வீட்டுக் கூரை என்ன?"

மேசன் குலநாயகம் சுத்தியலோடு வந்தார்.
"அரை மணித்தியாலம், தங்கச்சி.
அடிச்சு இறக்கிப்போடுவன்."
"உடைக்கக்கூடாது அண்ணை,
உடைஞ்சால்தான் அது வேலை செய்யத் தொடங்கும்."
சிரித்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
சுத்தியலை வாசலில் வைத்துவிட்டு
ஏணியைப் பிடித்தார்.

சவர்க்காரத் தண்ணீர் தெளித்து
ஈரம் காயமுன் ஒவ்வொரு ஆணியாய்க் கழற்றினேன்.
துருவேறிய ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம்.
வாயை இறுக்கும் முகமூடி,
கழுத்துவரை வியர்வை,
அவசரப்படாத விரல்.
கை மறக்கவில்லை.
குனிந்து செய்ததை
இப்போது அண்ணாந்து செய்தேன், அவ்வளவுதான்.

நாலு நாள். இருபத்தெட்டு சீற்.
வேலியால் எட்டிப் பார்த்தார் தவராசலிங்கம்.
"எறியிறதெண்டால் ஆட்டுக்கொட்டிலுக்குத் தாங்கோவன்."
ஆடும் மூச்சு விடுகிறது என்றேன்.
ஒன்றரை மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை.

மாங்குளத்தில் இடித்த கடையொன்றின் ஓடுகள்
லான்ட்மாஸ்ரரில் வந்தன.
ஆரணி ஒவ்வொன்றாய்த் தட்டிக் காது வைத்தாள்.
நல்லது மணிபோல் சொல்லும்,
வெடித்தது தொண்டை அடைத்ததுபோல்.
நூற்றுப்பத்து ஓடு தொண்டை அடைத்தவை.
அவற்றைக் கிணற்றடியில் பதித்தோம்.
பனஞ்சிலாகை, முகட்டுக்குக் கீழே
வெக்கை வெளியேற இரண்டு வாய்,
மேற்கு யன்னலை அடைத்து வடக்கில் ஒன்று.
உள்ளே பெயின்ற் இல்லை, சுண்ணாம்பு.
மேற்குச் சுவருக்குப் பாகல் பந்தல்.

மிஞ்சியது அந்த இருபத்தெட்டும்.
பிரதேச சபையில் கேட்டேன்,
குப்பை வண்டிக்கு அது சேராதாம்.
எந்த வண்டிக்குச் சேருமென்று
அவர்களுக்கும் தெரியவில்லை.

காணியின் கடைசியில், கிணற்றுக்கு எட்டாத மேட்டில்
பழைய பங்கர்க் கிடங்கு.
இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, ஒட்டி,
மெதுவாக இறக்கினோம்.
மண்வெட்டியை எடுத்தபோது கை நின்றது.
பதினொரு வருசம் எடுத்தவள்
முதல் தடவையாக ஒன்றைப்
புதைக்கிறேன்.

புதைத்தவர்கள் எங்களுக்கு வரைபடம் தரவில்லை.
நான் கீறினேன்.
கிணற்றிலிருந்து முப்பத்தாறு அடி,
வேப்பமரத்திலிருந்து பத்தொன்பது, ஆழம் ஏழு.
நாலு மூலைக்கும் சிவப்புத் தலைக் கட்டை.
ஒரு பிரதி அலுமாரிக் கதவின் உட்பக்கம்.
ஒரு பிரதி கிராம அலுவலரிடம்.
எந்தக் கோப்பில் போடுவதென்று யோசித்து
மேசை லாச்சிக்குள் வைத்தார்.

இந்தப் பங்குனியில்
மெழுகுதிரி கொஞ்சம் சரிந்தது, குனியவில்லை.
ஒரு காற்றாடி பெட்டிக்குள் போய்விட்டது.
முட்டு முழுக்கப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன்,
சித்திரையில் ஒரு இரவு வந்தது.

நேற்றைய மழைக்கு
சமையலறைப் பக்கம், மூன்றாம் வரிசையில் ஒழுக்கு.
சட்டி வைத்திருக்கிறேன்.
குலநாயகம் ஞாயிற்றுக்கிழமை வாறாராம்,
சுத்தியல் கொண்டுவரட்டோ என்று கேட்டுவிட்டு.