இலக்கம் ஆயிரத்து நாற்பத்தொன்று

பேர்த்திலிருந்து கப்பலில் வந்த பெட்டிக்குள்
பால்மா டின்களுக்கும் பழைய ஜம்பர்களுக்கும் கீழே
அது மல்லாந்து கிடந்தது.
அட்டையில் ஒரு கங்காரு.
பையிலிருந்து எட்டிப்பார்க்கும் குட்டியின்
ஒரு காது மட்டும் ஈரம் பட்டு ஊதியிருந்தது.

முத்தையன்கட்டுக் கிளை நூலகத்தில்
நூலகர் நான், கூட்டுகிறவளும் நான்.
முத்திரை குத்தி இலக்கம் போட்டேன்.
பொருள்: விலங்குகள்.
பக்கத்தில், கொஞ்சம் சின்ன எழுத்தில்: வெளிநாடு.

இங்கிலீசுக்கு மேலே தமிழ்த் துண்டு ஒட்டவேண்டும்.
முதல் வரியிலேயே நின்றுபோனேன்.
அகராதி புதர் என்றது.
ஒரு புதருக்குள் இத்தனை சீவன் எப்படிச் சீவிக்கும்?
காடு என்று எழுதினேன். காட்டுக்கு அந்த இருட்டுக் காணாது,
படத்தில் வெயில் நிலம்வரைக்கும் வருகிறது.
கடைசியில் பற்றைக்காடு என்று வெட்டி ஒட்டிப்
பசை காயும்வரை விரலால் அமத்திக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.
கோவாலா, தேவாங்குக்கு அண்ணன்.
எகிட்னா முள்ளம்பன்றிதான்,
ஸ்ட்ரோவால் குடிக்கிற முள்ளம்பன்றி.
கோவானாவுக்குப் பெயரே தேவைப்படவில்லை.
"டீச்சர், உடும்பு" என்றான் கீர்த்திகன்,
அது எப்பிடி அவ்வளவு தூரம் போனது என்று மட்டும் கேட்டான்.
வொம்பட்டின் வளையைக் கண்டு அவன் தகப்பன்
"பங்கர்" என்றார்.
"அப்பிடியெண்டா?"
அவர் பக்கத்தைப் புரட்டினார்.

யதுர்சனா மூன்றுமுறை எடுத்துப்போனாள்.
மூன்றாம் முறை எடுத்த கிழமை
குளக்கட்டுக்கு அங்கால் ஏழு தென்னையும்
ஒரு வீட்டின் குசினிச் சுவரும் போயிருந்தன.
இரவிரவாக யானைவெடி.
எனக்கும் நித்திரை இல்லை.

திங்கட்கிழமை புத்தகம் திரும்பி வந்தது.
கங்காருக்கள் மேய்கிற மஞ்சள் வெளியைச் சுற்றி
நீலப் பேனையால் நாலு இழைக் கம்பி,
கம்பிக்குக் கம்பி மின்னல்.
கோவாலாவின் மரத்தடியில்
ரோச் லைற்றோடு ஒரு ஆள், சாரத்தை மடித்துக் கட்டியபடி.
எல்லா விலங்கும் நித்திரைகொள்ளும் கடைசிப் படத்தில்
நிலாவுக்குக் கீழே,
பக்கத்துக்குள் அடங்காமல், பின்பக்கம் மட்டும் தெரிய,
ஒரு யானை
போய்க்கொண்டிருந்தது.

"புத்தகத்தில கீறினால் இருபது ரூபாய்" என்றேன்.
"கம்பி போடாட்டி எல்லாத்தையும் மிதிச்சுப்போடும்."
"அங்க யானை இல்லைப் பிள்ளை."
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
என்மேல் இரக்கம் இருந்தது.
"எல்லாம் நித்திரை டீச்சர்.
வந்ததை ஆர் கண்டது?"

தாள் காசை வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது.
வேலி என்று எழுதினேன்.

போன வியாழன், நாலாம் கட்டையிலிருந்து
ஒரு சின்னப் பெடியன்
தன்னைவிட உயரமான சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.
"யானைப் புத்தகம் இருக்கோ?"
அலுமாரியில் மூன்று இருந்தன. ஒவ்வொன்றாய்க் காட்டினேன்.
ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான்.
"இதில்லை. கங்காரு நிக்கிற யானைப் புத்தகம்."

அது வெளியில் போயிருக்கு என்றேன்.

"இருட்ட முந்தி வந்திடுமோ?"