ஆரஞ்சு நாடா

மரத்துக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும்
வெறும் காற்றைக் காவல் காப்பது என் வேலை.
இந்தப் பக்கம் ஐந்து மீட்டர், அந்தப் பக்கம் ஐந்து.
அதற்குள் நிற்பது எதுவானாலும்
இடுப்பில் ஓர் ஆரஞ்சு நாடா.
பின்லாந்தின் கைனு காடுகளில் அதற்கு என்ன அர்த்தமென்று
மரத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஓர்வோ பெல்தோனியெமி அந்த நாடாவை அவிழ்த்தார்.
அறுத்தெறியவில்லை. முடிச்சை நிதானமாகப் பிரித்து
நாலாக மடித்து
என் வண்டியின் வைப்பருக்கடியில் செருகிவைத்தார்.
மறுநாள் கட்டினேன். மறுநாளும் மடித்த நாடா.
மூன்றாம் முறை கூடவே ஒரு சீட்டு:
"இந்த பிர்ச் என்ன தப்பு செய்தது?"

ஒரு தப்பும் செய்யவில்லை.
செப்டம்பரில் அதன் மஞ்சளைப் பார்ப்பதற்கென்றே
நானும் வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.
ஆனால் டிசம்பரில் ஈரப்பனி விழும்,
விழுந்தது உறையும், உறைந்ததன் மேல் மறுபடி விழும்.
ஸ்புரூஸ் தோளைத் தொங்கவிட்டுச் சுமந்துகொள்ளும்.
பிர்ச்சுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
வில்லாக வளைந்து
உச்சந்தலையைக் கொண்டுபோய்க் கம்பியில் சாய்க்கும்.
சாயக்கூட வேண்டாம், விரற்கடை இடைவெளி போதும்.
இருபதாயிரம் வோல்ட்
கதவைத் தட்டிவிட்டு வராது.
அப்புறம் பதினொரு வீடு இருட்டு.
ரைலியின் தொழுவத்தில் அறுபது மாடுகள்
மடி கனத்து, நின்றுபோன கறவை எந்திரத்தின் முன்
வரிசையாக.

இதையெல்லாம் சொன்னேன்.
ஓர்வோ காபி ஊற்றினார். குடித்தோம்.
"பாதி எடுத்துக்கொள்," என்றார்.
"கம்பிப் பக்கத்துப் பாதி."

பாதி மரம் எங்கள் விதிப்புத்தகத்தில் இல்லை.
ஆனால் அன்று வெள்ளிக்கிழமை.
தூக்கியின் வாளியில் ஏறி
கம்பியைப் பார்த்த கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்,
கிளைக்கழுத்தை மிச்சம் வைத்து, காயம் மூடும்படி.
கீழே வந்து நிமிர்ந்தால்
ஒரு பக்கம் மட்டும் சிரைத்த தலை.
இருக்கிற கையெல்லாம் வீட்டை நோக்கி நீட்டியபடி
நின்றது மரம்.
ஓர்வோவுக்குத் திருப்தி.
எனக்குத்தான் படிவத்தில் எழுதச் சொல் அகப்படவில்லை.
"சரி" என்று எழுதினேன்.

ஜனவரி ஒன்பது. இரண்டு நாளாக விடாத பனி.
பின்னிரவு மூன்றரைக்கு போன்.
"கரண்ட் போய்விட்டதா?"
ஒரு கால் காற்சட்டைக்குள், மறு கால் குளிரில்.
"இல்லை. நன்றாக எரிகிறது," என்றார் ஓர்வோ.
"அதனால்தான் எல்லாம் நன்றாகத் தெரிகிறது."

முற்றத்து விளக்கின் வெளிச்சத்தில் நானும் பார்த்தேன்.
கம்பிக்கு முதுகைக் காட்டி,
என் வாள் விட்டுவைத்த பக்கமே பாரமாகி,
நாடா கட்டிய அதே உயரத்தில் முறிந்து
சவுனாவின் மேல் படுத்திருந்தது பிர்ச்.
கூரை இரண்டாக. புகைபோக்கியைக் காணோம்.
உள்ளே பலகையில் ஒரு துவாலை, ஒரு சோப்பு,
சோப்பின் மேல் பனி.
தலைக்கு மேலே கம்பி
நூலளவும் அசையாமல் போய்க்கொண்டிருந்தது
ரைலியின் மாடுகளை நோக்கி.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் கையுறையைக் கழற்றிவிட்டு
முறிந்த இடத்தை விரலால் கிள்ளினார்.
பழுப்பாக, பழைய ரொட்டிபோல் உதிர்ந்தது.
"எத்தனை நாள் அழுகல்?"
"பத்து வருஷம் இருக்கும்."
"நீ பார்க்கவில்லையா?"
"கம்பியைப் பார்த்தேன்."
கொஞ்சம் பொறுத்து, "நான் இலையைப் பார்த்தேன்," என்றார்.

விடியும்வரை அறுத்தோம்.
புறப்படும்போது ஒரு நாடா கேட்டார்.
வீட்டின் பின்புறம் நின்ற ஆஸ்பெனின் இடுப்பில்
தானே கட்டினார், இரட்டை முடிச்சு.
"கம்பிக்கும் இதற்கும் முப்பது மீட்டர்.
என் பட்டியலில் வராதே," என்றேன்.
"என் பட்டியலில் வரும்."
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினேன்.
சுற்றிவந்து நாலு பக்கமும் தட்டினேன்.
தொப்பியை விலக்கிக் காதை வைத்தேன்.
கணீரென்றது.

விரல் விறைத்துப்போய் முடிச்சு லேசில் வரவில்லை.
அவிழ்த்து, நாலாக மடித்து,
அவர் கதவிடுக்கில் செருகினேன்.