ஆறுதல் இரைச்சல்

தொண்ணூற்றொன்பதில் எங்கள் வண்டி ஓர் அம்பாசடர்.
கூரையில் காந்தக்கால் ஆன்டெனா,
மடியில் செங்கல் கனத்துக்கு லேப்டாப்,
சூடு தாங்காமல் அதன் அடியில் ஒரு தலையணை.
மஸ்தான் ஓட்டுவார். நான் சிக்னல் எண்ணுவேன்.
சைதாப்பேட்டைப் பாலத்தில் மைனஸ் எண்பத்தொன்று.
மண்ணடி சந்துக்குள் மைனஸ் நூற்று நான்கு.
எங்கள் தொழிலில் எல்லா எண்ணும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான்;
எவ்வளவு குறைவாகக் குறைகிறதோ அவ்வளவு நிறைவு.

இரண்டு நிமிடம் பேச்சு. பதினைந்து நொடி இடைவெளி.
மறுபடி அதே எண்.
மறுமுனையில், நுங்கம்பாக்கம் ஆபீசில், ஹெப்சிபா.
அவள் வாசிக்க வேண்டும்; நான் கேட்டு
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும்.
கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தாள்:
புறநகர் ரயில் அட்டவணை, குக்கர் வாரண்டி அட்டை,
மணமகள் தேவை, நாய் காணவில்லை.

வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்கிய நாட்கள்.
ஊரே ரிங்கில் பேசியது:
ஒன்று விட்டால் 'கிளம்பிட்டேன்',
இரண்டு விட்டால் 'கீழே இறங்கி வா'.
கம்பெனிச் செலவில் நாள் முழுக்கப் பேசியவர்கள்
நாங்கள் இரண்டு பேர்தான்.
சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை.

கிண்டி தாண்டினால் ஒரு டவர் எங்களைக் கைவிடும்,
அடுத்தது பிடிக்கும்.
விட்டுவிட்டுப் பிடிப்பது 2ஜியின் குணம்.
அந்த இமைப்பொழுதில் அவள் குரல்
எந்த டவருக்கும் சொந்தமில்லாமல்
கத்திப்பாராவுக்கு மேல் நிற்கும்.
'திருவாலங்காடு ஆறு நாற்ப—'
'—க்கோணம் ஏழு ஐந்து.'
மூன்று போடுவேன்.

3ஜி வந்து, அடுத்த கையைப் பிடித்த பிறகே
முதல் கையை விடக் கற்றுக்கொடுத்தது.
4ஜி பழைய புத்திக்கே திரும்பியது;
ஆனால் விட்டதே தெரியாத வேகம்.
இதற்கெல்லாம் முன்பே எங்கள் காதுகளின் வேலையை
ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது.
ஹெப்சிபா பில்லிங் பிரிவுக்கு மாறினாள்.
பிறகு மஸ்கட் என்றார்கள்.

ஒரு பயிற்சி வகுப்பில், சாப்பாட்டுக்குப் பின் வந்த தூக்கத்தில்
காதில் விழுந்தது:
பேசாதபோது போன் குரலை அனுப்புவதில்லை. பேட்டரி மிச்சம்.
சுத்த மௌனம் கேட்டால் ஆட்கள்
ஹலோ ஹலோ என்று பதறுகிறார்களாம்.
அதனால் அந்தப் பக்கத்து இரைச்சல் எப்படி இருக்கும் என்று
ஒரு சின்னக் குறிப்பு மட்டும் வரும்;
அதை வைத்து நம் கருவியே இரைந்துகொள்ளும்.
ஆறுதல் இரைச்சல் என்று பெயர்.

அவள் பக்கம் புரட்டும்போது கேட்ட ஸ்ஸ்ஸை
ஆபீஸ் ஃபேன் என்று நினைத்திருந்தேன்.
சில நாள், மூச்சு என்று.
என் கையிலேயே தயாரானதாம் அது.

நேற்றிரவு எண்ணூரில் ஒரு 2ஜி செல்லை மூடும் வேலை.
அதில் மிச்சமிருந்தவை நாலு ஸ்வைப் மெஷின்,
ஒரு லிப்ட், தண்ணீர் லாரிகளின் ஜிபிஎஸ் பெட்டிகள்.
முன்சீட்டில் மஸ்தானின் மகன் சாதிக்
5ஜியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான்,
பந்தின் தையல்கூடத் தெரிகிற மாதிரி.
பழைய பட்டன் போனை எடுத்து டெஸ்ட் எண்ணை அடித்தேன்.
இப்போது அங்கே இருப்பது ஒரு கருவி.
எடுக்கும், பேசாது.
ஸ்ஸ்.
ரொம்ப நேரம் வைத்திருந்தேன் போல.
'யார் சார் லைன்ல?' என்றான் சாதிக்,
ஸ்கோரிலிருந்து கண்ணெடுக்காமல்.
'அரக்கோணம்' என்றேன்.